வெறுங்காலுக்கு ஏற்ற வீடியோ

போன ஞாயிறுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஆடிக்கொண்டே இருந்த ரேவதி சட்டென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே டிவியில் ஒரு வெள்ளைக்கார ஜோடி சிரித்தபடி சுழன்றுகொண்டிருந்தது. அந்த வீடியோவைத் தேர்ந்தெடுத்த மகானுபாவன்... அடியேன்தான்.

திருப்பதியில் எங்களுக்கு ஒரு ஸ்விங் டான்ஸ் கிளப் இருக்கிறது. சிரிக்காதீர்கள்! துள்ளலான ஜாஸ் இசைக்கு ஜோடியாகக் கைகோத்து ஆடுகிற அமெரிக்க ஆட்டம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பிரகாஷ், சென்னையில் கற்றுக்கொண்டு வந்து ஆரம்பித்தார். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில் ஞாயிறுதோறும் கூடுகிறோம். வீடியோதான் வாத்தியார். எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அதற்கு ‘லைப்ரரி’ என்று பந்தாவாக ஒரு பெயர் வேறு.

எந்த வீடியோவைப் போட்டாலும் நான் நொட்டை சொல்கிறேனாம். “அப்ப நீங்களே செலக்ட் பண்ணுங்க சார்” என்று பிரகாஷ் என் தலையில் கட்டிவிட்டார்.

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஓரிடத்தில் உட்கார வராது. பால் பொங்குவதற்குள் வாசலுக்கு இரண்டு நடை போய் வருகிற ஆள். வீடியோவில் வாத்தியார் வணக்கம் சொல்லி, முன்னுரை சொல்லி... யார் பார்ப்பது? தள்ளு, தள்ளு. ஒரு வயதான தம்பதி வந்தார்கள் – அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை. டெலிட். அடுத்து, பம்பரமாகச் சுழல்கிற ஜோடி. ஆகா, இதுதான்!

அந்தச் சுழற்சியில்தான் ரேவதியின் முழங்கால் மாட்டிக்கொண்டது.

ரேவதிக்கு ஊர் நகரி. நாற்பது வயதிருக்கும். வாரமெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்குப் போய் குவாலிட்டி செக்கிங் வேலை. ஞாயிறு மட்டும் ரயிலேறி இங்கே வருகிறார்.

“டாக்டர்கிட்ட போகலாமா?” என்று பதறினேன்.

“டாக்டர் கெடக்கட்டும் சார். நொண்டிக்கினு போனா வீட்ல இன்னா சொல்வாங்க? ‘இந்த வயசுல இன்னா ஆட்டம்’னு அவரு ஏற்கெனவே கேட்டுக்கினு கீறாரு. இதான் சாக்குன்னு நிறுத்திடுவாரு. அப்புறம் ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு எனக்கு இருக்காது சார்.”

சுருக்கென்றது. வலியைவிட அந்த பயத்தில்தான் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கடைசியில் லைப்ரரியில் இருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஆடுகிறவர்களின் காலை மட்டும் பார்த்தேன்.

ஷூ! எல்லாக் காலிலும் ஷூ. அடியில் வழுவழுப்பான தோல், கீழே மரத்தரை. வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. நான் தள்ளித் தள்ளி விட்ட முன்னுரையில் அத்தனை வாத்தியார்களும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் – காலில் என்ன போட வேண்டும் என்று.

நாங்கள்? படியேறும் முன்பே செருப்பைக் கீழே விட்டுவிடுகிறோம். ஹாலில் பெரிய பெருமாள் படம் இருக்கிறது. யாரும் சொல்ல வேண்டியதில்லை. வியர்த்த வெறுங்கால், கிரானைட் தரை... பாதம் ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் சுழன்றால் முழங்கால் என்ன பாவம் பண்ணியது? எங்களில் ஒருத்தருக்காவது இது தோன்றியதா? செருப்பைக் கழற்றுவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

தெருவையே மிதிக்காத புது ஷூ, ஹாலுக்குள் மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று மண்டப ஓனர் மாமாவிடம் பிரகாஷ் கேட்டுப் பார்த்தார்.

“புதுசுன்னா தலையில வெச்சுப்பேளோ?” என்றார் மாமா. முடிந்தது கதை.

ஆக, நான் டெலிட் செய்த அந்த வயதான தம்பதியை ரீசைக்கிள் பின்னுக்குள் தேடிப் பிடித்தேன். அவர்கள் சுழலவே இல்லை. குட்டிக் குட்டி அடி வைத்து, நடந்தே திரும்புகிறார்கள். வெறுங்காலுக்கு அதுதானே சரி! முழுசாகப் பார்த்தேன். நடுவில் எழுந்திருக்கவே இல்லை என்றால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். எழுந்தேன்... ஆனால், வீடியோவை நிறுத்திவைத்துவிட்டு எழுந்தேன்.

போன ஞாயிறு வந்தது. ரேவதி வருவாரா, மாட்டாரா? ஹாலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். “சார், கூச்சோண்டி!” என்று பிரகாஷ் தெலுங்கிலேயே கெஞ்சிவிட்டார். உட்காருவதா? நானா?

வந்தார்! முழங்காலில் பட்டை சுற்றியிருந்தார்.

“வீட்ல இன்னா சொன்னாங்க?” அவசரத்தில் எனக்கும் அவர் பேச்சு ஒட்டிக்கொண்டது.

“ரயில்ல எறங்கறப்போ பிசகிடுச்சுன்னு சொல்லிட்டேன் சார். ‘இனிமே ரயில்ல போவாத, நானே வண்டில கொண்டாந்து வுட்றேன்’னுட்டாரு. கீழதான் நின்னுக்கினு கீறாரு.”

நகரியிலிருந்து திருப்பதிக்கு, பைக்கில்! வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்காரர் ஓட்டியிருப்பார். நம் ஆண்களுக்கு ‘போய் வா’ என்று சொல்லத்தான் வராது. கொண்டுபோய் விட நன்றாக வரும்.

அந்தத் தம்பதியின் வீடியோவைப் போட்டோம். ரேவதி பிரகாஷின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன அடியாக வைத்துத் திரும்பினார். இன்னொரு முறை. முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது முறை சிரித்தேவிட்டார்.

பாட்டு முடியும்வரை நிற்க முடியாமல், படிக்கட்டுப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். வாசலில் பைக் மட்டும்தான் நின்றது.

ஆள், பாட்டு வந்த பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு பாதிப் படி ஏறி வந்துவிட்டிருந்தார்!