மஞ்சள்நீர் குடித்துவிட்டு அமெரிக்கா போகலாம்

ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு வெளிநாட்டுக் கடிதங்கள் வந்தன. காரைக்குடியில் எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர், வழியில் நாலு பேரிடம் தபால்தலையைக் காட்டி விசாரணை நடத்திவிட்டுத்தான் அவற்றை வீட்டில் கொடுத்தார். அதனால் நான் உறையைப் பிரிப்பதற்குள் எனக்கு என்னவோ வந்திருக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது. அறுபதுகளின் பின்பாதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, வீட்டில் வெட்டியாக உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் கடிதம் ஹாலந்திலிருந்து. புதிதாகச் சுதந்திரம் அடைந்த நாடுகளின் வளர்ச்சியைப் பற்றிய படிப்பு. கிராமங்கள், விவசாயம், திட்டமிடல் என்று பாடங்களின் பட்டியலே ஒரு பக்கம் இருந்தது. அதோடு முழு பெலோஷிப். படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு, குளிருக்குக் கோட்டு வாங்கப் பணம், போக வர விமானச் சீட்டு, எல்லாம் அவர்களுடையது. நான் என் உடம்பை மட்டும் கொண்டுபோனால் போதும்.

இரண்டாவது அமெரிக்காவிலிருந்து. அதே மாதிரிப் படிப்புதான், ஆனால் ஊர் அறிந்த பெரிய பல்கலைக்கழகம். அவர்கள் படிப்புக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்வார்கள். மீதி எல்லாம் என் பாடு.

மூளை உள்ள எவனும் ஹாலந்துக்குத்தான் போயிருப்பான். எனக்கும் மூளை இருந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

எனக்கு அந்தப் படிப்பின்மேல் உண்மையாகவே ஆசை இருந்தது. இதை யாரும் நம்புவதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமைக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற காலம் அது. இவ்வளவு நிலமும் இவ்வளவு ஆளும் இருக்கிற நாட்டில் ஏன் கையேந்துகிறோம் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் என் தலை வெடித்துவிடும் போல இருந்தது. படித்துவிட்டு வந்து, டெல்லியில் ஐந்தாண்டுத் திட்டம் போடுகிற மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்து, எங்கள் பக்கத்துக் கண்மாய்களை எல்லாம் தூர் வாரிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரைகூட மானகிரிப் பக்கத்துக் கண்மாயைப் பற்றித்தான். அந்தக் கண்மாயை நான் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். இறங்கிப் பார்த்ததில்லை.

ஆனால் ஹாலந்து என்று சொன்னபோது வீட்டில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அண்ணன், “ஹாலந்தா? அங்குட்டு மாடு வளர்க்கத்தானே போவாக?” என்றான். அமெரிக்கா என்றதும் அதே அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தான். மறுநாளிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும், “எப்ப அமெரிக்கா போறீக?” என்றுதான் கேட்டார்கள். என்னிடம் அதுவரை யாரும் எதைப் பற்றியும் ஆசையாகக் கேட்டதில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

எங்கள் வீட்டில் சரியாகப் பேசியவர் அப்பச்சி, அதாவது என் அப்பா, ஒருவர்தான். அவர் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்து, யுத்தத்தில் பாதியையும் அதற்கப்புறம் மீதியையும் விட்டுவிட்டு வந்தவர். பெரிய வீடு மட்டும் இருந்தது. அதில் பாதி அறைகளை நாங்கள் திறப்பதே இல்லை. கடிதம் இரண்டையும் நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஹாலந்துக்காரன் எல்லாத்தையும் தர்றான்ல? அங்கயே போ தம்பி. படிப்புதானே வேணும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உங்களால ஆகலைன்னு சொல்லுங்க. அதுக்காக ஹாலந்துக்குப் போகச் சொல்லாதீக” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த வார்த்தையை நினைத்தால் என் வாயிலேயே போட வேண்டும் போல இருக்கிறது.

பத்து நாள் கழித்து அப்பச்சி ஒரு வழி கொண்டுவந்தார். கீழச்சிவல்பட்டியில் எங்கள் பங்காளி ஒருவர். அப்பச்சியைவிட மூத்தவர், பிள்ளை இல்லை. மலேயாவில் ரப்பர் தோட்டம் இருந்தது. அந்த வருமானம் அங்கேயே இருந்ததால், வெளிநாட்டுப் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. ஏஜெண்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினால் அங்கிருந்து நேராக அமெரிக்காவுக்குப் பணம் போய்விடும். அவர் எழுதத் தயார். ஆனால் நான் அவருக்குச் சுவீகாரப் பிள்ளையாக வர வேண்டும்.

எங்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்காரர், தம் குலக்கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைக் கூட்டிக்கொள்வார். கைக்குழந்தையாக இருக்க வேண்டும் என்பதில்லை, மீசை முளைத்தவனையும் கூட்டுவார்கள். உறவுக்காரர்கள் முன்னிலையில் அவன் மஞ்சள்நீர் குடித்தால் தீர்ந்தது. அன்றிலிருந்து அவன் இனிஷியல் மாறும், பங்கு மாறும், யாருக்குக் கொள்ளி வைக்க வேண்டும் என்பது மாறும். பெற்ற வீட்டில் அவன் ஒரு பங்காளி, அவ்வளவுதான்.

கையில் முழு பெலோஷிப்பை வைத்துக்கொண்டு, பாதிச் சலுகைக்காகத் தகப்பனை மாற்றிக்கொண்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு வழி கிடைத்திருக்காது. கிடைக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தோம். சிவந்த, மெலிந்த மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, “அமெரிக்காதானே? போயிட்டு வாங்க. யாரு வேண்டாம்னா?” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, அன்று மாலையே ஹாலந்துக்குக் கடிதம் எழுதினேன். தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி, எனினும் இதைவிடச் சிறந்த ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது என்று, அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். தபாலாபீசுக்கு நானே நடந்துபோய்ப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

வைகாசியில் மஞ்சள்நீர் குடித்தேன். என்னைப் பெற்ற ஆத்தா அன்று முழுவதும் பந்தியில் யாருக்கு என்ன வேண்டும் என்றே பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் வரவில்லை. அடுத்த மாதம் நான் காரைக்குடி வீட்டுக்குப் போனபோது வாசலுக்கு வந்து, “வாங்க, எப்ப வந்தீக?” என்றாள். அதுவரை என்னை அவள் அப்படி அழைத்ததில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அமெரிக்காவில் செப்டம்பரில் வகுப்பு. புது அப்பச்சி ஒரு விஷயம் சொன்னார். எங்கள் கோயிலில் கல்யாணம் ஆனவனைத்தான் ஒரு புள்ளி என்று எழுதிக்கொள்வார்கள். தனி ஆள் கணக்கிலேயே வர மாட்டான். “புள்ளி ஆகாம நீங்க கடல் தாண்டிப் போனா, நான் பிள்ளை கூட்டினதுக்கே அர்த்தம் இல்லாமப் போகும்ல. ஆவணியில முடிச்சிட்டுப் போங்க” என்றார். நியாயமாகத்தான் பட்டது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருஷம் தவணை கேட்டு எழுதினேன். இடத்தை வைத்திருக்கிறோம், சலுகையை வைத்திருக்க முடியாது என்று பதில் வந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். “அதனால என்ன? முழுசையும் நாமளே கட்டுவோம்” என்றார்.

ஆவணியில் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் நெற்குப்பை. பதினெட்டு வயது. அடுத்த வருஷம் நான் புறப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு ஆறு மாதம். ஒருநாள் என் டிரங்குப் பெட்டியை வெயிலில் காய வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அதைப் புது ஆத்தா பார்த்துப் புது அப்பச்சியிடம் சொல்ல, அவர், “பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் போங்க. யாரு வேண்டாம்னா?” என்றார். மலேயாவுக்குப் போக வேண்டிய அந்த ஒரு கடிதம் எழுதப்படவே இல்லை. நாள் நன்றாக இல்லை, ஏஜெண்ட் ஊரில் இல்லை, ரப்பர் விலை சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. மூன்றாவது வருஷம், இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து நாலு வரியில் எழுதிவிட்டார்கள்.

அன்று அவர் முன்னால் போய் நின்று கத்தினேன். “அனுப்ப மாட்டேன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? என்னை எதுக்குக் கூட்டினீக?”

அவர் கோபப்படவில்லை. “எங்க அப்பச்சி பினாங்குல செத்தாக. சேதி வந்து சேர இருபது நாளாச்சு. கொள்ளி வச்சது யாரோ கடையில வேலை பார்த்த ஆளு, பேருகூடத் தெரியாது. எனக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் உங்களைக் கூட்டினேன். வேற எதுக்கு?” என்றார்.

நான் டெல்லி மேசையைப் பற்றி நினைத்திருந்தேன். அவர் தம் சாவைப் பற்றி நினைத்திருந்தார். ஒரே பேச்சை இரண்டு பேரும் வெவ்வேறு விஷயத்துக்காக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு அவரிடம் நான் அமெரிக்காவைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு காரியம் செய்தேன், அதை இங்கே ஒளிக்கப்போவதில்லை. அவர் சாவதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, வைத்தியரிடம் நானே அழைத்துப் போய்க்கொண்டு, பத்து வருஷம் காத்திருந்தேன். அவர் ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இடையில் என்னைப் பெற்ற அப்பச்சி காரைக்குடியில் இறந்தார். நான் போய்ப் பங்காளிகளோடு நின்றேன். அண்ணன் என்னிடம், “உங்களுக்கு வேட்டி துண்டு அங்குட்டு இருக்கு” என்று விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொன்னான். ஹாலந்துக்கே போ தம்பி என்று சொன்ன மனிதரை அதற்கு மேல் கிட்டத்தில் போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் கீழச்சிவல்பட்டி அப்பச்சி படுத்த படுக்கையானார். ஒருநாள் காலையில் நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கஞ்சி கொண்டுவந்து நின்றாள். அவர் அவளை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“அந்தக் காலேசு இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கும்” என்றேன்.

“போயிருக்கலாம்ல நீங்க? நான் ஒருநாளும் தடுக்கலையே.”

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டிலைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு வருஷமும் ஹாலந்துக்கு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கலாம். அதற்கு அவருடைய பணமும் வேண்டாம், மலேயாவுக்குக் கடிதமும் வேண்டாம். நான் போடவில்லை. இதைவிடச் சிறந்த வாய்ப்பு என்று எழுதிய இடத்தில் போய் மறுபடி நிற்க வெட்கம். அதோடு, சொல்லப்போனால், அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வேளையும் இலை போட்டுச் சாப்பாடு, வாசலில் கார், என்னைக் கண்டால் எழுந்து நிற்க ஆட்கள். கண்மாய்களும் கோதுமை வரிசையும் எப்போது என் தலையைவிட்டுப் போயின என்று எனக்கே தெரியவில்லை.

அன்று மத்தியானம் நான் முகம் கழுவப் போனபோது என் மனைவி பின்னாலேயே வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அப்பச்சி தடுக்கல. நான்தான் தடுத்தேன். அன்னைக்குப் பெட்டியைப் பார்த்து நான் அழுகாம இருந்திருந்தா நீங்க போயிருப்பீக. இத்தனை வருஷமா உங்க மூஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம் அதேதான் நினைப்பு. என்னை மன்னிச்சிருங்க” என்றாள்.

ஹாலந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்லை. அன்றாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு நிமிஷத்தில் அந்தப் பெண்ணின் நெஞ்சிலிருந்து அந்தப் பாரத்தை எடுத்துப் போட்டிருக்கலாம்.

நான் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி விடு, போனது போச்சு” என்றேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்து அவள் என் காலில் விழுந்தாள்.