கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் நாவல்

தெருவில் அவளுக்குப் புத்தகக்காரி என்று பெயர். வீட்டிலிருந்தபடியே பழைய புத்தகங்களை ஆன்லைனில் விற்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கட்டிலுக்கு அடியில் புத்தகம், துணி அலமாரியில் புத்தகம், ஃபிரிட்ஜின் தலையில் அகராதி. வந்த விருந்தாளியைப் பொருளாதாரப் பாடநூல் அடுக்கின்மேல் உட்கார வைத்து உபசரிக்கிற வீடு அது.

ஆனால் வியாபாரம் என்னவோ கத்திமேல் நடப்பதுதான். 'நல்ல நிலையில் உள்ளது' என்று போட்டால், 'மூக்குப்பொடி வாசம் அடிக்கிறது' என்று புகார் வரும். ஏற்கெனவே இரண்டு வந்தாயிற்று. இன்னொன்று வந்தால் கடையை மூடிவிடுவோம் என்று வலைத்தளத்தார் எச்சரித்திருந்தார்கள். ஒண்டியாளாக ஆரம்பித்த கடை. அது போனால் அவள் தாங்கமாட்டாள்.

ஒரு மத்தியானம் போன் வந்தது.

"என்னம்மா இது? துப்பறியும் நாவல் அனுப்பியிருக்கீங்க, கொலைகாரன் யாருன்னு சொல்ற பக்கத்தையே காணோம்! எனக்குத் தூக்கமே போச்சு. புகார் எழுதட்டுமா?"

அவள் போனைப் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள். பார்சல் கட்டுவது அவன் பொறுப்பு. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி முழித்தான்.

"எடை கொஞ்சூண்டு தாண்டிடுச்சு. அடுத்த தபால் கட்டணத்துக்குப் போயிடுமேன்னு பின்னாடி இருந்த தாளைக் கிழிச்சேன். எப்பவும் வெத்துத் தாளாத்தான் இருக்கும்!"

"எப்பவுமே கிழிப்பீங்களா?"

"இதுல ஏதோ நாலு வரி இருந்துச்சு. விளம்பரம்னு நெனச்சேன்."

கிழித்த தாள் குப்பையோடு போயே போய்விட்டது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. அனுப்புமுன் எல்லாப் புத்தகங்களையும் புரட்டிப் பார்க்கிற மாமியார் கையை நீட்டினார்.

"இங்க கொடும்மா போனை. தம்பி, டாக்டர்மேலதானே சந்தேகப்பட்டீங்க? அங்கதான் ஏமாந்துட்டீங்க. கொலையே நடக்கல. பொண்டாட்டி பாட்டுக் கத்துக்கிறா, காது தாங்காம ஓடிப்போயிட்டான், செத்ததா நெனச்ச அந்த மனுஷன்!"

"அப்ப அந்தப் பிணம்?"

"மெழுகு பொம்மை தம்பி!"

மறுமுனையில் வெடிச்சிரிப்பு. சாயங்காலத்துக்குள் ஐந்து நட்சத்திரம் வந்து விழுந்தது.

"நல்லவேளை அத்தை, நீங்க படிச்சிருந்தீங்க!" என்று மாமியாரைக் கட்டிக்கொண்டாள்.

"நான் எங்க படிச்சேன்? பத்தாம் பக்கத்துலயே தூங்கிட்டேனே."

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விஷயம் தெரிந்தால் கடை அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அதே எண். எடுத்தாள்.

"நூலகத்துல தேடிப் பிடிச்சு அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சிட்டேம்மா. டாக்டர்தான் கொன்னானாம்."

அவள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சப்புன்னு இருக்கு! இன்னொரு நாவலுக்கு ஆர்டர் போட்டிருக்கேன். மறக்காம கடைசிப் பக்கத்தைக் கிழிச்சிட்டு அனுப்புங்க. அன்னைக்கு முடிவு சொன்ன அம்மா எப்ப ஃப்ரீயா இருப்பாங்க?"