சாமி வரும்போது நிற்கும் இடம்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, குடவாசல் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் நாடகக் கலைஞர் வந்தார். கோயில்காரர்கள் சொல்லச் சொல்ல, பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஊரை வரைந்தார். நடுவில் கோயில், சுற்றி நான்கு வீதிகள், தெற்கே வாய்க்கால், அதன்மேல் பாலம். பார்க்க வருகிறவர்கள்தான் நடிக்க வேண்டும், அவரவர் பக்தி எங்கே நின்று தொடங்கியது என்று காட்ட வேண்டும் என்றார்.

விதிகள் மூன்று. சாமி புறப்பாட்டின்போது உங்கள் குடும்பம் நிற்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும். மேளம் தொடங்கியதும் கையில் தரும் அகலை ஏற்ற வேண்டும். மேளம் நிற்கும்வரை நகரக் கூடாது. வரிசைப்படுத்திச் சொன்னால் எதுவும் எனக்கு அப்போதே பிடிக்கும். அகல் அதைவிடப் பிடிக்கும். அதற்காகத் தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

மேலவீதியில் நின்ற வகுப்புத் தோழி கையாட்டினாள். அவளிடம் ஓடப் பார்த்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, சுண்ணாம்பு வாய்க்காலைத் தாண்டி, கோடுகளே முடிந்துபோன சைக்கிள் கொட்டகை ஓரம் கூட்டிப்போனார். அத்தையும் வந்து நின்றாள். எங்கள் தெருவை யாரும் வரைந்திருக்கவில்லை. புறப்பாடு பாலம்வரை வந்து திரும்பிவிடும். அர்ச்சனைத் தட்டைப் பாலத்துக் கட்டையில் வைத்துவிட்டு நாங்கள் இந்தப் பக்கம் நிற்போம். சாமி என்றால் திரும்பிப் போவதுதான் என்று இருந்தேன்.

கலைஞர் மைக்கில் கூப்பிட்டார். “ஐயா, வெளியில நிக்காதீங்க. உள்ள வந்து கலந்துக்கங்க.”

“கலந்துக்கிட்டுதாங்க இருக்கோம்,” என்றார் அப்பா.

ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது. கோயில்காரர் ஒருவர், “அவங்க பழக்கம் அதும்மா. நீங்க ஆரம்பிங்க,” என்றார். கலைஞர் சுண்ணாம்புக் கோட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேளக்காரரிடம் தலையசைத்தார்.

இன்று வரைபடம் தயாரிப்பதுதான் என் வேலை. ஒரு தெரு விடுபட்டால் பிழை என்று திருத்துவோம். ஊரே கூடி நின்று பார்த்துக்கொண்டு ஒரு தெருவை விட்டால், அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அகல்கள் கோட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் வந்தன. அத்தை, “போவலாம் வாண்ணே. இந்தக் கூத்த வேடிக்க பாக்கவா வந்தோம்?” என்றாள்.

“மேளம் நிக்கட்டும்.”

விளையாடத் தெரியாத அப்பா எனக்கென்று வாய்த்தாரே என்று ஆத்திரமாக வந்தது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து, மேளம் நிற்கும்வரை அசையாமல் நின்றேன்.