வண்டு என்றொரு செல்லப் பெயர்

போன வாரம் வேலை முடியும் நேரத்தில், என்னோடு வேலை பார்க்கும் லிண்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பீட்டில் ஆஃப் பண்ணணும், லவ்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது பீட்டில் மட்டும்தான். ஐயோ வண்டு என்று காலைத் தூக்கிக்கொண்டு தரையெல்லாம் தேடினேன். இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அன்றைக்கு அத்தனை கிழவர்களும் சிரித்தார்கள். அவசரமாகக் கிளம்புவதை இவர்கள் அப்படிச் சொல்வார்களாம். "உங்க பாஷையில பீட்டிலுக்கு என்ன?" என்று லிண்டா கேட்டார். சொன்னேன். "வாண்டூ" என்று திருப்பிச் சொன்னார். தப்பாகச் சொன்னாலும் எங்கள் வீட்டுக்கு அது ரொம்பச் சரி. எங்கள் வண்டு, என் மகள், ஒரு வாண்டுதான்.

இந்த ஊர் வண்டு கிளம்பி ஓடுகிறது. நம்ம ஊர் வண்டுக்கு ஓடத் தெரியாது, குடையத்தான் தெரியும். காதுல வண்டு பூந்தாப்பல இருக்குது என்போம், அரிசியில வண்டு வச்சிடுச்சு என்போம். என்னமோ வண்டை மருமகளே கொண்டுவந்து வச்ச மாதிரி மாமியார் அவளை முறைப்பாள். பூவைச் சுற்றிப் பாடுகிற அழகான ஜீவனுக்கும் அதே பெயர்தான். என் மகளுக்கு அந்தப் பெயர் வந்தது பாட்டால். கைக்குழந்தையாக இருந்தபோது என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தூக்கம் வரும்வரை 'ங்ம்ம்' என்று ரீங்காரம் போடுவாள். "ஏம்மா, புள்ளையப் பெத்தியா, வண்டப் பெத்துக்கினியா?" என்று பக்கத்து வீட்டக்கா கேட்டார். அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் யூகேஜி படிக்கும்போது நான் இங்கே வந்தேன். இந்த விசாவில் பிள்ளையை அழைத்துவர வழியில்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரும் நாத்தனார் தேவகியும்தான் வளர்க்கிறார்கள். போனில் "வண்டு" என்றால் அந்தப்பக்கம் 'ங்ம்ம்' என்று கேட்கும். அது கேட்கிறவரை பிள்ளை என்னுடையவள் என்று ஒரு தைரியம். கொஞ்ச நாளாகக் கேட்கவில்லை.

லிண்டா கதையைச் சொன்னால் சிரிப்பாள், சிரித்தால் பழையபடி ஆகிவிடுவாள் என்று ஆசையாக வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே பௌர்ணமி சாயங்காலம். வாசலில் ஜனம் போகிற சத்தம்.

"வண்டு, இங்க ஒரு கூத்தக் கேளேன்..."

"அப்டிக் கூப்புடாதீங்கம்மா. பசங்க கேட்டா ஓட்டுவாங்க."

"வேற எப்டிடீ கூப்புடறது?"

"பேர் சொல்லிக் கூப்புடுங்க. நீங்க சாப்டீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள், "அம்மாகிட்ட ஒழுங்காப் பேசுடீ" என்று தேவகி அதட்டினாள்.

"நீ சும்மா இரு அத்த! என் பச்சப் பாவாட எங்க? எட்துக் குடு!"

தேவகிக்கு முகம் சுண்டிவிட்டது. "பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசணும்னு டீச்சர் சொல்லிக் குடுத்துக்கிறாங்க அண்ணி."

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்துக்கிறாங்க" என்றேன்.

நம்ம பக்கத்தில் பெற்றவளை யார் 'ங்க' போட்டுக் கூப்பிடுகிறார்கள்? கடைசிவரை என் அம்மாவிடம் நான் 'வா, போ' என்றுதான் பேசினேன். 'சாப்டீங்களா' வீட்டுக்கு வந்தவங்களைக் கேட்கிற கேள்வி. இங்கே பஸ் ஓட்டுகிறவர்கூட என்னை 'லவ்' என்கிறார். நான் பெற்றவள் மரியாதை கொடுக்கிறாள். யாரிடம் போய் இதைக் குறையென்று சொல்வது?

போன் திரை முழுக்க எங்கள் வீட்டுக் கூடம். மூலையில், கட்டைவிரல் அளவுக் கட்டத்தில், சீருடை போட்ட நான். அங்கே இருந்தவரை பாவாடையெல்லாம் நான் பீரோவில் மேல்தட்டில்தான் அடுக்கி வைப்பேன். "மேல்தட்டுல பாரு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேவகி அதைக் கொடியிலிருந்து எடுத்து, உதறி, அவள் கையில் கொடுத்துவிட்டாள்.