செல்விக்குக் கிடைத்த சொல்

தேங்காய் மட்டைப் புகையோடு கருவாட்டு வாடையும் சேர்ந்து வந்தால், சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். பக்கத்து வீட்டுச் செல்வியின் அம்மா மீன் விற்பவர். மழைக்காலத்தில் வெயில் காணாமல் கருவாடு "நமுத்துப்பூடும்" என்று, அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவார். செல்விக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு.

அப்பாவின் தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவருக்குச் சொல்ல வேண்டிய ஜப்பானிய வணக்கத்தை அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்; நான் குளியலறையில்கூட அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஷூவைக் கழற்றும்போதே அந்தப் பாழாய்ப்போன புகை வந்துவிட்டது. அப்பா மதில் பக்கம் ஓடினார்.

"ஏம்மா, அந்த அடுப்பை அணையேன், விருந்தாளி வந்திருக்கார்!"

"அணைச்சா அத்தினியும் வீணாப்பூடும் சார்!" என்றார் செல்வியின் அம்மா.

விருந்தாளியோ வெறுங்காலோடு மதிலருகே போய், மூச்சை நன்றாக இழுத்து, "இபுசு, இபுசு" என்றார். மீனைப் புகையில் பதப்படுத்தவும், கொசுவை விரட்டப் புகை போடவும், வெள்ளியைப் புகையேற்றிக் கறுக்கவைக்கவும் அவர்கள் ஊரில் அந்த ஒரே வினைச்சொல்தானாம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து செல்வி, "இபுசு!" என்று கணீரென்று சொன்னாள். அவர் கைதட்டினார், அப்பாவும் கைதட்டினார். என் வணக்கத்தை யாரும் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாவுக்கு அதே கதைதான். "என்ன கற்பூர புத்தி அந்தப் பொண்ணுக்கு!" என்பார். கற்பூர புத்தியாம்! ஒரே ஒரு வார்த்தைக்கு! எனக்கு வயிறு பற்றி எரியும். அந்த எரிச்சலில்தான் ஜப்பானிய மொழி படித்தேன், பரீட்சைகள் எழுதினேன், இன்று ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அலட்டல் இல்லாத தேர்ந்த நடிகரை ஜப்பானியர்கள் 'புகையேற்றிய வெள்ளி' என்று புகழ்வதுகூட எனக்குத் தெரியும். செல்விக்குத் தெரியுமா?

செல்வியின் வீடு இருந்த இடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். மட்டைப் புகையும் இல்லை, ஜன்னலைச் சாத்த ஓடுகிறவர்களும் இல்லை. போன மாதம் ஊரப்பாக்கத்திலிருந்து மகளின் கல்யாணப் பத்திரிகையோடு செல்வி வந்தாள். எண்பதைத் தாண்டிய அப்பா முகமெல்லாம் மலர்ந்து, "அந்த ஜப்பான் வார்த்தையைச் சொல்லும்மா" என்றார்.

"இன்னா வார்த்தை சார்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே" என்று அவள் சிரித்தாள்.

இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான் என்று, "இபுசு" என்றேன், அப்பழுக்கில்லாத உச்சரிப்பில்.

அப்பா என்னை வியப்போடு பார்த்தார். "அட, செல்வி உனக்கும் சொல்லிக்குடுத்திருக்காளா!"