ரயில்வே கேட்டில் நின்ற ஆரத்தித் தட்டு

பிற்பகல் மூன்று ஐம்பதுக்குப் பள்ளிக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது தலைமையாசிரியர் மேசைமேல் இருந்த குக்கர் பெட்டி. ஐந்து லிட்டர். ரோஸ் நிற ரிப்பன் கட்டி, முடிச்சில் ஒரு பிளாஸ்டிக் பூவைச் செருகியிருந்தார்கள். ஓய்வு பெறும் ஆண்களுக்குச் சுவர்க் கடிகாரம், பெண்களுக்குக் குக்கர் என்பது அந்தப் பள்ளி ஆசிரியர்கள் எப்போதோ சேர்ந்து எடுத்த முடிவு. அதற்குப் பிறகு யாரும் அதை யோசித்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஏப்ரல் மாதத்தின் கடைசி வேலை நாள். தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி அது. நான் படித்ததும் அங்கேதான். அப்போது அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, நகரத்தில் ஒரு நாளிதழில் செய்திப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் ஓய்வு பெறுகிறார், வந்து பார்த்து நாலு வரி போட வேண்டும் என்று தலைமையாசிரியர் ஆள் அனுப்பியிருந்தார்.

நான் அறைக்குள் போனபோது டீச்சர் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். வெளிர் நீலக் காட்டன் புடவை, நெற்றியில் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அவர் பொட்டு வைத்ததில்லை. கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே கணவர் போய்விட்டார் என்று எங்கள் வகுப்பிலேயே பேசிக்கொள்வோம். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சொல்லிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தார்.

"இங்க ஸ்கூல் வாசலோட முடிச்சுக்கலாம் சார். அங்கேருந்து நான் போய்க்கறேன்."

"அது எப்படி டீச்சர்? எல்லாரையும் வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கோம். உங்களை மட்டும் தெருவுல விடறதா?"

"வீடு பூட்டியிருக்கு சார்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஓய்வு பெறுபவரை மாலையோடு ஊர்வலமாக அழைத்துப்போய் வீட்டில் விட வேண்டும். வாசலில் வீட்டுக்காரர்கள் ஆரத்தி எடுத்து உள்ளே அழைப்பார்கள். அதுவரை மாலையைக் கழற்றக் கூடாது. டீச்சர் வீட்டில் அப்படி நிற்க ஒருவர் இருந்தார், அவருடைய அக்கா. கல்யாணம் ஆகாதவர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வாடகை வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்துதான் இருந்தார்கள். மாலையில் டீச்சர் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே அக்கா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். கணக்கு நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன எங்களுக்கெல்லாம் அந்தக் கதவும் அவர் நின்ற விதமும் பழக்கம். டீச்சருக்கு வீட்டுச் சாவியே தேவைப்பட்டதில்லை. அந்த ஜனவரியில் அக்கா இறந்துபோனார். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த டீச்சரின் கைப்பையில் ஊக்கில் கோர்த்த ஒரு சாவி இருந்ததைப் பிள்ளைகள்கூடக் கவனித்திருந்தார்கள்.

தலைமையாசிரியர் கடைசியில், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், பேண்டு செட்டெல்லாம் தயாராக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். டீச்சர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விழா வேப்ப மரத்தடியில் நடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வகுப்புகளில் அந்த வெயிலில் உட்கார முடியாது. கல்குவாரிக்கும் தோல் ஷெட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். சட்டைகளைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடலை வாசித்தாள். பாதியில் விமானப்படைத் தளத்து விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. அவள் நிறுத்திக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கணக்கு வகுப்பில் விமானம் போகும்போது டீச்சர் சாக்பீஸைப் பலகையிலேயே ஊன்றிக்கொண்டு காத்திருப்பார், சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அந்தப் பெண்ணும் அப்படியே விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தாள்.

அந்த நேரத்தில் டிரில் மாஸ்டர் கூட்டத்திலிருந்து எழுந்து சத்துணவுக் கூடத்துப் பக்கம் போவதைப் பார்த்தேன். அங்கே சமைப்பவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். பள்ளி முழுக்க அந்த அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடும். கொஞ்ச நேரத்தில் அவர் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு பின்பக்கக் கேட் வழியாக வேகமாக வெளியேறினார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

டீச்சர் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. பெருக்குவதற்கும் கூட்டுவதற்கும் வந்தவர்கள், தண்ணீர் பிடித்து வைத்தவர்கள், மழையில் மரத்தடி வகுப்பை உள்ளே கொண்டுபோக உதவிய பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக நன்றி சொன்னார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாமந்தி மாலையைப் போட்டார்கள்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு, நடுவில் டீச்சர், பின்னால் ஆசிரியர்களும் பிள்ளைகளும். குக்கர் பெட்டி என் கையில் இருந்தது. கடைவீதியைத் தாண்டி ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் போட்டிருந்தது. செங்கல்பட்டு வண்டி போயும் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் கூட்ஸ் வருகிறது என்றார்கள். பேண்டு அடித்த பையன்கள் நிறுத்தினார்கள். சைக்கிள்களுக்கும் ஒரு மாட்டு வண்டிக்கும் நடுவில், கேட்டுக் கம்பியை ஒட்டிச் சத்துணவு அக்கா நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு.

ஒரு பையன் பார்த்துவிட்டான். "இன்னாக்கா, பிரியாணியா எடுத்துகினு போற?"

"வாய மூடுடா பேமானி," என்று அக்கா திரும்பாமலே சொன்னார். ஆனால் முந்தானை முழுக்கச் சிவப்பாக நனைந்திருந்தது. கையில் பிள்ளைகள் சாப்பிடுகிற அலுமினியத் தட்டு. அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர், பாதி சிந்தி மீதி இருந்தது. வெற்றிலைமேல் கொளுத்தாத கற்பூரம்.

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரருகே போனார். தட்டைப் பார்த்தார். அக்கா அழுகிற மாதிரி ஆகிவிட்டார்.

"முன்னாடியே போயி வூட்டாண்ட நின்னுகினு இருக்கலாம்னு வந்தேன் டீச்சர். மாஸ்டர்தான் சொன்னாரு, கதவு பூட்டிக் கீது, நீ போயி நில்லுன்னு. கேட்டுக்காரன் போட்டுட்டான்."

டிரில் மாஸ்டர் வேறு பக்கம் பார்த்தார். கூட்ஸ் வண்டி வந்தது. நீளமான வண்டி, ஒவ்வொரு பெட்டியாக எங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை டீச்சர் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, சிந்தாம வா, சேர்ந்தே போவோம்," என்றார்.

வீட்டு வாசலில் பேண்டு மறுபடி தொடங்கி, உடனே நின்றுவிட்டது. கதவில் பூட்டு தொங்கியது. மாலை போட்ட ஒருவர் தன் வீட்டுப் பூட்டைத் தானே திறப்பதை அங்கிருந்தவர்கள் யாரும் பார்த்ததில்லை. மாலை முன்னால் தொங்கியதால் அவரால் குனிந்து சாவித் துவாரத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு கையால் மாலையை ஒதுக்கிக்கொண்டு, மறுகையால் தடவித்தான் திறந்தார். உதவிக்குப் போன தமிழ் டீச்சரை வேண்டாமென்று தலையசைத்துத் தடுத்தார். திறந்த பிறகும் உள்ளே போகவில்லை. வாசற்படிமேல் ஏறி எங்கள் பக்கம் திரும்பி நின்று, அக்காவிடம் கையை நீட்டினார்.

"தட்டைக் குடு."

தமிழ் டீச்சர் ஒரு அடி முன்னால் வந்தார். கணவரை இழந்தவர்கள் ஆரத்தி எடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. சக ஆசிரியர்கள் வீட்டுக் கல்யாணங்களில் அந்த நேரம் வரும்போது கணக்கு டீச்சர் தானாகவே பின்வரிசைக்குப் போய்விடுவார். தமிழ் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஆரத்தி வர்றவங்களுக்குத்தானே?" என்றார் கணக்கு டீச்சர். "இது என் வீடு. நான் எங்க வந்தேன்? வந்தது நீங்க."

கற்பூரத்தைக் கொளுத்தி, ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து, தெருவை நோக்கி மூன்று முறை சுற்றினார். முன்னால் நின்ற சின்னப் பிள்ளைகளின் நெற்றியில் விரலால் தொட்டு வைத்தார். பிரியாணி என்று கேட்ட பையனுக்கும் வைத்தார். அவன் நெற்றியைத் துடைக்காமல் அப்படியே நின்றான். தண்ணீரைத் தெருமுனையில் ஊற்ற அக்காதான் போனார். போகும்போது அழுதுகொண்டே போனார்.

எல்லோரும் உள்ளே வர இடமில்லை. குக்கர் பெட்டியை வைக்க நான் மட்டும் போனேன். முன் அறையில் இரண்டு இரும்புக் கட்டில்கள். ஒன்றில் படுக்கை விரித்திருந்தது. இன்னொன்றில் மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டியிருந்தது. எங்கே வைப்பது என்று கேட்டேன். சுருட்டிய மெத்தைக்குப் பக்கத்தைக் காட்டினார். வைத்தேன். "ரெண்டு பேருக்கே மூணு லிட்டர் பெரிசு," என்றார். மாலையைக் கழற்றி எங்கே போடுவதென்று ஒரு நொடி யோசித்தார், பிறகு ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

அலுவலகத்துக்குப் போய் நாலு வரி எழுதினேன். மாணவர்கள் பேண்டு வாத்தியத்துடன் அழைத்துச் சென்றனர், தலைமையாசிரியர் வாழ்த்திப் பேசினார் என்றெல்லாம். ஆரத்தியைப் பற்றி எழுதவில்லை, அதை நாலு வரியில் எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதியதும் வரவில்லை. ராத்திரி ஒரு விளம்பரம் வந்து, அந்தப் பத்தியை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பால் வாங்க அந்தத் தெரு வழியாகப் போனேன். வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. முதல் நாள் திறந்த பூட்டு வெளியே நாதாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி அதிலேயே இருந்தது.