பாதித் திட்டு

யுத்தத்துக்குப் பயந்து ரங்கூனிலிருந்து வந்து, மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டில் குடியேறிய அந்த அம்மாளின் பெயர் யாருக்கும் தெரியாது. தெருவுக்கே அவர் பர்மாக்காரம்மாதான். ஒல்லியான உடம்பு, இரண்டு கன்னத்திலும் சந்தனப் பூச்சு. பிள்ளைகளைத் திட்டுவதென்றால் பர்மிய மொழியில்தான் திட்டுவார், அதுவும் சிரித்த முகத்தோடு. அவர் கொஞ்சுவதாகவே தெரு நினைத்தது.

எனக்கும் அவர் மகனுக்கும் அப்போது பதினைந்து வயது. ஒரு மாலை குளக்கரையில் ஒரு சிகரெட்டைப் பங்கு போட்டுக் குடித்துவிட்டு, வாடை போகக் கொய்யா இலையை மென்றபடி வந்தோம். வாசலில் நின்றிருந்த அம்மாள் வாயை ஊதச் சொல்லவில்லை. மகனின் விரல்களைப் பிடித்து முகர்ந்தார். தானே கொல்லையில் ஒளிந்து சுருட்டுப் பிடிக்கிறவருக்கு வாடை எங்கே தங்கும் என்று தெரியாதா? பிறகு சிரித்துக்கொண்டே பர்மிய மொழியில் நெடுநேரம் பேசினார். அவன் காது சிவந்தது. நானும் மரியாதைக்குத் தலையாட்டிச் சிரித்து வைத்தேன்.

அம்மாள் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீ எதுக்குத் தம்பி சிரிக்கிறே? இதுல பாதி உனக்குத்தான்."

அந்தப் பாதியில் என்ன இருந்தது என்று அவனை இன்றும் கேட்கிறேன்.

"வேணாண்டா. தமிழ்ல சொன்னா, அப்புறம் நீ எங்க வீட்டுப் படியே ஏறமாட்டே" என்கிறான்.